ஜன்னலும் தாழ்ப்பாளும்: அறைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம் பார்க்கப் பழகுபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகள் படங்களைப் பற்றியவை, சில நாம் குடியிருக்கும் வீடுகளைப் பற்றியவை. இரண்டும் ஒரே விஷயம் என்றே நினைக்கிறேன்.

ஐரோப்பிய ஓவியங்களில் எங்கே பார்த்தாலும் ஜன்னல் இருக்கிறதே, ஏன்?

முதல் காரணம் வெளிச்சம். மின்விளக்கு வருவதற்கு முன்னால் ஓவியருடைய வேலைநேரத்தை முடிவு செய்தது ஜன்னல்தான். வடக்குப் பார்த்த ஜன்னலைத் தேடிப் பிடிப்பார்கள். ஐரோப்பாவில் வடக்குப் பக்கம் நேர் வெயில் அதிகம் விழாது, அதனால் காலையில் ஆரம்பித்த படத்தின் நிழல்கள் மதியத்துக்குள் இடம் மாறிவிடாது. வலக்கையால் வரைபவருக்கு ஜன்னல் இடப்பக்கம் இருந்தால் தன் கையின் நிழல் துணிமேல் விழாது. எத்தனையோ படங்களில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருவதற்கு இந்தச் சாதாரணக் காரணமும் உண்டு.

இன்னொரு காரணம் இத்தாலியில் இருக்கிறது. லியோன் பாட்டிஸ்டா அல்பெர்ட்டி 1435இல் ஓவியக்கலை பற்றி எழுதியபோது, வரையத் தொடங்கும் முன் ஒரு நாற்கரம் போட்டுக்கொண்டு அதைத் திறந்த ஜன்னலாக எண்ணிக்கொள்வதாகச் சொன்னார். அதன்பிறகு பல நூற்றாண்டுகளுக்கு ஓவியம் என்றாலே சுவரில் திறந்த ஒரு ஜன்னல் என்று மேற்கத்திய ஓவியர்கள் பழகிவிட்டார்கள். படத்துக்குள் ஒரு ஜன்னலை வரைந்தால் அது ஜன்னலுக்குள் ஜன்னல். அந்த விளையாட்டு அவர்களுக்கு அலுக்கவே இல்லை.

வெர்மீரின் அறைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு பெண், ஒரு மேசை, ஒரு ஜன்னல், அவ்வளவுதானே?

ஆமாம், அவ்வளவுதான். யோஹன்னஸ் வெர்மீர் 1632இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் பிறந்து 1675இல் அங்கேயே இறந்தார். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய படங்கள் நாற்பதுகூட இல்லை. அவற்றில் பலவற்றில் அதே மூலை, அதே இடப்பக்க ஜன்னல்.

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் பால் ஊற்றும் பெண்ணைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அரை மீட்டர்கூட உயரமில்லாத படம். ஜன்னலில் ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு உடைந்திருக்கிறது, அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் கொஞ்சம் வேறு மாதிரி உள்ளே வருகிறது. எதிரே வெறும் வெள்ளைச் சுவர். அதில் ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு சின்ன நிழல். பக்கத்தில் முன்பு ஆணி அடித்துப் பிடுங்கிய துளைகள். யாரும் பார்க்கப் போவதில்லை என்று நாம் நினைக்கும் ஆணித் துளையைக்கூட ஜன்னல் வெளிச்சம் விடாமல் தொட்டிருக்கிறது. பால் ஊற்றும் பெண் நம்மைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. குடத்திலிருந்து விழும் பால் இழையில்தான் அவள் கவனம் முழுக்க. அவள் ஒரு வேலைக்காரப் பெண். அந்தக் கவனத்துக்கு ஓர் அறையும் அந்த அறைக்கு ஓர் ஒளியும் கொடுத்ததுதான் வெர்மீர் செய்த பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

அவர் வாழ்ந்த வீட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மாமியார் மரியா தின்ஸின் வீட்டில், மனைவியோடும் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளோடும் வாழ்ந்தவர் அவர். இறந்த பிறகு 1676இல் அதிகாரிகள் அறை அறையாக எடுத்த சாமான் பட்டியல் கிடைத்திருக்கிறது. ஓவியச் சட்டங்களும் வண்ணத் தட்டுகளும் மாடியில் முன்பக்க அறையில் இருந்தன. கீழே அழுகையும் சிரிப்பும் தடதடவென்று ஓடும் சத்தமும் இருந்திருக்கும். ஆனால் அவர் வரைந்த அறைகளுக்குள் ஒரு குழந்தைகூட இல்லை. தெருவை வரைந்த ஒரே ஒரு சின்னப் படத்தில்தான் இரண்டு குழந்தைகள் நடைபாதையில் குனிந்து விளையாடுகிறார்கள். அந்த அமைதியான அறைகளை அவர் வீட்டில் பார்த்து வரைந்தார் என்பதைவிட, வீட்டில் கிடைக்காததால் வரைந்தார் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கடிதம் வாசிக்கும் பெண்ணின் படத்தில் பின்சுவரில் திடீரென ஒரு மன்மதன் வந்துவிட்டாராமே?

உண்மைதான். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஓவியக்கூடத்தில் இருக்கும் அந்தப் படம் 1657க்கும் 1659க்கும் இடையில் வரையப்பட்டது. திறந்த ஜன்னல் அருகில் ஒரு பெண் நின்று கடிதம் வாசிக்கிறாள். அவள் முகம் ஜன்னல் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறது. பின்னால் வெறுமையான சுவர். அந்த வெறுமைதான் படத்தின் அழகு என்று பல தலைமுறைகள் பாராட்டி எழுதின.

1979இல் எக்ஸ்ரே எடுத்தபோது சுவருக்கு அடியில் ஒரு மன்மதன் படம் மறைந்திருப்பது தெரிந்தது. சரி, வெர்மீரே மனம் மாறி அழித்திருப்பார் என்று அப்போது எல்லோரும் விட்டுவிட்டார்கள். 2017இல் தொடங்கிய சீரமைப்பில்தான் உண்மை வெளிவந்தது. மேல்பூச்சுக்கும் அடிப்படத்துக்கும் நடுவில் அழுக்குப் படலம் இருந்தது. அப்படியென்றால் வெர்மீர் இறந்து நெடுநாள் கழித்து வேறு யாரோ அதைப் பூசியிருக்கிறார்கள். நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய கத்தியால் சிறுகச் சிறுகச் சுரண்டி எடுத்தார்கள். 2021இல் முழுப்படமும் மக்கள் பார்வைக்கு வந்தது. மன்மதன் முகமூடியைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறான். காதலில் பொய்வேஷம் கூடாது என்பது அந்தக் காலத்து அர்த்தம்.

பழைய வெறுஞ்சுவரே நன்றாக இருந்தது என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சுவர்மீது ஆசை உண்டு. ஆனால் அந்தப் பெண்ணின் அறையில் அவளுக்கு என்ன சொந்தமாக இருந்தது என்பதை மறைக்க நமக்கு உரிமை இல்லை. அவள் படிப்பது காதல் கடிதம், அது அவளுடைய விஷயம், சுவர் அதை அவளுக்காகச் சொல்கிறது. பூசி மறைத்தவருக்கு அது சங்கடமாக இருந்திருக்கலாம்.

ஜன்னலோரம் நிற்பவர்கள் ஏன் பெரும்பாலும் பெண்கள்?

ஆண்கள் படியிறங்கித் தெருவுக்குப் போனார்கள். பெண்களுக்குத் தெரு ஜன்னல் வழியாகவே வந்தது.

இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். காஸ்பர் டேவிட் ஃபிரெட்ரிக் 1822இல் தன் மனைவி கரோலின் ஜன்னலருகே நிற்பதை முதுகுப் பக்கமிருந்து வரைந்தார். பலகைக் கதவில் சிறு பகுதி மட்டும் திறந்திருக்கிறது. அவள் லேசாகச் சாய்ந்து அந்த இடைவெளி வழியாக எட்டிப் பார்க்கிறாள். வெளியே படகின் பாய்மரம். அறை இருட்டு. அடுத்தது, 1876இல் குஸ்தாவ் கைபோட் தன் தம்பி ரெனேயை வரைந்தது. அவனும் முதுகைத்தான் காட்டுகிறான். ஆனால் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கால்களை அகட்டி, முழுசாகத் திறந்த ஜன்னலில் நிற்கிறான். கீழே பாரீஸ் தெரு. தூரத்தில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். அந்தத் தெரு முழுக்க அவனுடையது என்பதுபோல நிற்கிறான். ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி முதுகு, ஆனாலும் நிற்கும் தோரணை முற்றிலும் வேறு.

ஜெய்ப்பூரின் ஹவா மஹாலும் இந்தக் கேள்விக்குள் வரும். 1799இல் மன்னர் சவாய் பிரதாப் சிங் கட்டியது. அரண்மனைப் பெண்கள் தெருவில் போகும் ஊர்வலங்களைப் பார்க்கலாம், தெருவில் இருப்பவர்கள் அவர்களைப் பார்க்க முடியாது. 953 சிறு ஜன்னல்கள் என்று கணக்குச் சொல்வார்கள். சல்லடைக் கல் வழியாகக் காற்று வரும், பார்வை போகும், ஆள் மட்டும் போக முடியாது. சுற்றுலாப் பயணிகள் வெளியே நின்று படம் எடுக்கிறார்கள். உள்ளே ஏறி அந்தத் துளைகளில் ஒன்றில் கண்ணை வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கட்டடம் புரியும்.

இப்படிப்பட்ட இடங்களைப் பார்க்கும்போது ஜன்னலைப் பற்றிக் கேட்பதோடு இன்னொன்றையும் கேட்டுப் பழக வேண்டும்: கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது? உள்ளே இருப்பவர் போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள் என்றால் அது தனி அறை. வெளியே இருப்பவர் போடுவது என்றால் ஜன்னல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சிறைதான். இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்கள் பலவற்றுக்கும் இதுதான் என் அளவுகோல்.

தனி அறை என்பது எப்போது வந்தது?

நாம் நினைப்பதைவிடத் தாமதமாக. ஐரோப்பாவின் பழைய மாளிகைகளில் நடைவழியே கிடையாது. ஓர் அறை வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். யாராவது தூங்கிக்கொண்டிருந்தாலும் அவரைத் தாண்டித்தான் போவார்கள். வெர்சாயில் 14ஆம் லூயி மன்னர் காலையில் எழுந்திருப்பதே ஒரு சபை நிகழ்ச்சி, அதைப் பார்க்க அனுமதி கிடைப்பது பெரிய கௌரவம். கட்டிலைச் சுற்றித் தொங்கிய கனமான திரைகள் குளிருக்காக மட்டும் அல்ல. பல வீடுகளில் அந்தத் திரைக்கு உள்ளே இருந்த இடம்தான் ஒருவருக்கு இருந்த தனி அறை.

நடைவழி வைத்து, ஒவ்வோர் அறைக்கும் தனிக் கதவு வைத்துக் கட்டும் பழக்கம் 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மெதுவாகப் பரவியது. அப்போதும் அது வசதியுள்ளவர்களுக்குத்தான். வேலைக்காரர்கள் படிக்கட்டுக்கு அடியிலும் சமையலறையிலும் படுத்தார்கள்.

ஜன்னலுக்கு வரி போட்டார்களாமே?

ஆம். இங்கிலாந்தில் 1696இல் தொடங்கி 1851 வரை ஜன்னல் வரி இருந்தது. வருமானத்தைக் கேட்டால் மக்கள் கோபப்படுவார்கள், ஜன்னலைத் தெருவில் நின்றே எண்ணிவிடலாம் என்பது கணக்கு. மக்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த ஜன்னல்களோடு நிற்கும் பழைய வீடுகளை அங்கே இன்றும் பார்க்கலாம். பிரான்சில் கதவு, ஜன்னல் இரண்டுக்குமே 1798 முதல் 1926 வரை வரி இருந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் வாடகைக்குக் குடியிருந்த ஏழைகள். வீட்டுக்காரர் வரியை மிச்சம் பிடிக்க ஜன்னலை அடைத்துவிடுவார், காற்றும் வெளிச்சமும் இல்லாமல் நோயில் விழுந்தவர்கள் குடியிருந்தவர்கள்.

பெண் எழுதுவதற்குத் தனி அறை வேண்டும் என்று சொன்னது யார்?

வர்ஜீனியா வுல்ஃப். 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் பேசியதை விரிவாக்கி 1929இல் புத்தகமாக வெளியிட்டார். ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு பணம், பூட்டுப் போட முடிந்த ஓர் அறை, இரண்டும் இருந்தால்தான் ஒரு பெண் புனைகதை எழுத முடியும் என்பது அவர் வாதம். பூட்டு என்பதை அவர் விட்டுவிடவில்லை, கவனியுங்கள். அதே ஆண்டில் அவருடைய கிராமத்து வீட்டில் கட்டிய படுக்கையறைக்கு வீட்டுக்குள்ளிருந்து வழியே கிடையாது, தோட்டத்து வழியாக நடந்துதான் போக வேண்டும்.

அவருக்கு முன்னால் எழுதியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்றும் கேட்பார்கள். ஜேன் ஆஸ்டின் 1809 முதல் சாட்டன் கிராமத்தில் குடும்பத்தோடு இருந்தபோது, எல்லோரும் வந்து போகும் கூடத்தில் சின்ன மேசை ஒன்றில் எழுதினார். அந்த அறைக் கதவு கிரீச்சிடும். அதற்கு எண்ணெய் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆள் வரும் சத்தம் கேட்டதும் தாள்களை மறைத்துக்கொள்ளலாமே. இதைச் சொல்வது அவருடைய அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு. தாழ்ப்பாள் இல்லாதவர் கீலின் சத்தத்தைத் தாழ்ப்பாளாக்கிக்கொண்டார்.

அமெரிக்காவில் எமிலி டிக்கின்சனுக்கு அறை இருந்தது. ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் அப்பா வீட்டின் மாடி மூலையறை. தெருவைப் பார்த்து ஜன்னல்கள், பக்கத்தில் அண்ணன் வீட்டைப் பார்த்து ஜன்னல்கள். ஏறக்குறைய ஒரு முழச் சதுரமே இருந்த மேசையில் 1800க்கு நெருக்கமான கவிதைகளை எழுதினார். வாழ்ந்த காலத்தில் அச்சானவை பத்துச் சொச்சம். கீழே விளையாடும் குழந்தைகளுக்கு ஜன்னலிலிருந்து கூடையில் இஞ்சி ரொட்டி இறக்கிக் கொடுப்பாராம். ஒருநாள் அண்ணன் மகளை அறைக்குள் கூட்டிப்போய், கையில் இல்லாத ஒரு சாவியால் கதவைப் பூட்டுவதுபோல் காட்டி, இதுதான் சுதந்திரம் என்று சொன்னதை அந்தப் பெண் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வெளியில் போகாமல் முடங்கிக் கிடந்தவர் என்று அவரைப் பற்றிப் பரிதாபமாக எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. சாவி அவர் கையில் இருந்தது.

தமிழில் இப்படி எழுதியவர் உண்டா?

சல்மா. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் வெளியுலகம் என்றால் அவருக்கு ஜன்னல் காட்டியதுதான். கல்யாணத்துக்குப் பிறகும் எழுதத் தடை. இரவில் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு எழுதினார். ஒரு பெண் உள்ளே இருந்து தாழிட்டால் யாரும் ஏன் என்று கேட்காத ஒரே இடம் அதுதான். கிடைத்த தாளில் எழுதியவை அம்மாவின் உதவியோடு ரகசியமாக வெளியே போய், வேறு பெயரில் அச்சாயின. அந்தப் பெயர்தான் சல்மா. 2000இல் முதல் கவிதைத் தொகுப்பு, 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி, 2004இல் நாவல்.

தனி அறையைப் பற்றித் தமிழில் யார் பேசினாலும் நான் அந்தக் கழிப்பறையைத்தான் நினைக்கிறேன். ஜன்னல் இருந்த அறைகளிலெல்லாம் அவரால் எழுத முடியவில்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் எழுதினார்.

ஆன் ஃபிராங்கின் ஒளிவிடத்தில் ஜன்னல் இருந்ததா?

இருந்தது, இஷ்டப்படி திறக்கத்தான் முடியாது. நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருந்தபோது நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபடும்வரை ஆம்ஸ்டர்டாமின் பிரின்சன்ஹ்ராஹ்ட் 263ஆம் எண் கட்டடத்தின் பின்பகுதியில் எட்டுப் பேர் ஒளிந்திருந்தார்கள். வந்தவுடனே அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று துண்டுத் துணிகளைத் தைத்து ஜன்னல் திரை போட்டது. பரணில் இருந்த ஜன்னல் வழியாக மட்டும் வானமும் ஒரு கஷ்கொட்டை மரமும் தெரியும். அந்த மரம் 2010இல் காற்றில் விழுந்தது.

எல்லோரும் அந்த மரத்தைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அதைவிட அந்த மேசை முக்கியம். ஆன் தன் சின்ன அறையை நடுவயது பல் மருத்துவர் ஒருவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அறையில் ஒரே மேசை. 1943 ஜூலையில், வாரத்தில் இரண்டு நாள் மாலை நான்கு முதல் ஐந்தரை வரை மேசையைத் தனக்கு விட முடியுமா என்று அவரிடம் மரியாதையாகக் கேட்கிறாள். முடியாது என்கிறார். நீ செய்வதெல்லாம் முக்கியமான வேலையா என்கிற தொனி. கடைசியில் அப்பா தலையிட்டுப் பேசிய பிறகுதான் மேசை கிடைக்கிறது. உலகம் முழுக்க வாசிக்கப்படும் ஒரு புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தவள், வாரத்தில் சில மணி நேரத்துக்காகக் கெஞ்ச வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு மூலை கேட்டால், எதற்கு என்று கேட்காதீர்கள்.

வான்கோ நட்சத்திர இரவை மனநலக் காப்பகத்தின் ஜன்னலிலிருந்து வரைந்தாரா?

பார்த்தது அங்கிருந்து, வரைந்தது வேறு அறையில். 1889 மே மாதம் செயின்ட் ரெமியில் இருந்த காப்பகத்தில் அவராகவே போய்ச் சேர்ந்தார். அங்கே நிறைய அறைகள் காலியாகக் கிடந்ததால் வேலை செய்யவும் ஓர் அறை கொடுத்தார்கள். படுக்கையறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது, அதில் இரும்புக் கம்பிகள். அந்தக் கம்பிகள் வழியாகச் சுவரடைத்த கோதுமை வயலையும் அதன்மேல் எழும் சூரியனையும் பார்ப்பதாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். ஜூன் மாதம் வரைந்த நட்சத்திர இரவில் கம்பிகள் இல்லை. கீழே இருக்கும் ஊரும் அந்த ஜன்னலிலிருந்து அப்படித் தெரியாது, அதை அவர் மனதிலிருந்து போட்டார்.

அதற்கு முந்தைய அக்டோபரில், ஆர்ல் நகரத்தில் தான் வாடகைக்கு எடுத்த மஞ்சள் வீட்டில், தன் படுக்கையறையை வரைந்தார். இரண்டு நாற்காலி, இரண்டு தலையணை, ஒரு ஜன்னல். பார்த்ததும் ஓய்வு தோன்ற வேண்டும் என்று எழுதினார். அந்தப் படத்தை மூன்று முறை வரைந்திருக்கிறார், பின்னிரண்டும் காப்பகத்தில் இருந்தபோது. ஒன்று அம்மாவுக்கும் தங்கைக்கும் அனுப்புவதற்காகச் சின்னதாக வரைந்தது. தனக்கென்று ஒரு வீடு கிடைத்தது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதிலிருந்து தெரியும்.

எட்வர்ட் ஹாப்பரின் இரவு ஜன்னல்கள் ஏன் சங்கடப்படுத்துகின்றன?

அங்கே பார்ப்பது நாம் என்பதால். வெர்மீரிடம் வெளிச்சம் வெளியிலிருந்து உள்ளே வரும். ஹாப்பரிடம் இரவில் அது உள்ளிருந்து வெளியே கசியும். 1928இல் வரைந்த படத்தில் மூன்று ஜன்னல்கள், உள்ளே உள்ளாடையோடு குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு, வெளியே பறக்கும் ஒரு திரைச்சீலை. நியூயார்க்கில் உயரத்தில் ஓடும் ரயிலில் இரவில் போகும்போது கணநேரம் கண்ணில் பட்ட அறைகள் தனக்குள் தங்கிவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தான் பார்க்கப்படுவது தெரியாது. நமக்குத் தெரியும். சென்னையில் பறக்கும் ரயிலிலிருந்து மாடி வீடுகளின் சமையலறைகளைப் பார்த்தபடி போகிறவர்களுக்கு இது புதிதல்ல.

1952இல் வரைந்த காலை வெயில் படத்தை எனக்கு இன்னும் பிடிக்கும். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு மாதிரியாக இருந்தவர் அவர் மனைவி ஜோ. அப்போது அவருக்கு அறுபதுக்கு மேல் வயது.

மத்தீஸ் வரைந்த கறுப்பு ஜன்னலுக்கு என்ன அர்த்தம்?

1905இல் கொல்யூர் கடற்கரை ஊரில் அவர் வரைந்த ஜன்னல் வழியாக இளஞ்சிவப்பு அலைகளில் படகுகள் ஆடுகின்றன. 1914இல் அதே ஊரில் வரைந்த ஜன்னலுக்கு வெளியே முழுக் கறுப்பு. முதல் உலகப்போர் தொடங்கிய ஆண்டு அது. போர் என்று படிப்பவர்கள் உண்டு, வடிவத்தின் எல்லையைத் தேடினார் என்பவர்களும் உண்டு. இரண்டு படங்களையும் ஒன்றாகப் பாருங்கள், விளக்கம் பிறகு வரட்டும்.

நம் வீடுகளில் தனி அறை என்ற எண்ணமே இல்லை என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் நெடுநல்வாடையைப் படிக்க வேண்டும். நக்கீரர் பாடிய 188 அடிகள். குளிர்காலம். நகரத்து மாடங்களில், வேனிலில் தென்றல் தரும் ஜன்னல்களை யாரும் திறப்பதில்லை. ‘தென்வளி தரூஉம் நேர்வாய்க் கட்டளை’ என்கிறார் புலவர். வலுவான கதவுகளைச் சேர்த்துத் தாழ் போட்டுவிடுகிறார்கள். பிறகு அரண்மனைக்குள் போகிறோம். அரசனைத் தவிர எந்த ஆணும் நெருங்க முடியாத காவல். அதற்குள் அரசியின் அறை, யானைத் தந்தத்தால் ஆன கட்டில், மேலே மெழுகு பூசிய விதானம். விதானத்தில் ஓவியம்: வானத்தில் திரியும் சந்திரனும் அவனைப் பிரியாத ரோகிணியும். கணவன் போர்ப் பாசறையில் இருக்கிறான். அரசி அந்த ஓவியத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள்.

ஜன்னல் சாத்திய காலத்தில் அவளுக்கு ஓவியம்தான் ஜன்னல். அல்பெர்ட்டி சொல்வதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முன்னால் ஒரு தமிழ்ப்புலவர் இதைக் காட்சியாகவே வைத்துவிட்டார். அங்கே, பாசறையில், அரசனுக்கும் தூக்கமில்லை. நள்ளிரவில் வாடைக்காற்றில் வெளியே வந்து புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அவன் நடக்கிறான், அவள் விதானத்தைப் பார்க்கிறாள். ஃபிரெட்ரிக், கைபோட் படங்களில் பார்த்த வேறுபாடு இங்கேயும் இருக்கிறது.

சாதாரண வீடுகளில் கதை வேறு. திண்ணை தெருவுக்கு, கூடம் எல்லோருக்கும், முற்றம் வானத்துக்கு என்று பிரித்துக் கட்டினார்கள். உள் அறைகள் பெரும்பாலும் நெல்லும் பெட்டியும் வைக்க, அல்லது பிரசவத்துக்கு, புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு. வெளிச்சமும் காற்றும் முற்றத்திலிருந்து வந்ததால் அந்த அறைகளின் ஜன்னல்கள் சின்னவை. தனிமை என்பது இடமாக இல்லை, நேரமாக இருந்தது. மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு பாட்டிகள் தொடர்கதை படித்த அந்த ஒரு மணி நேரம் அவர்களுடைய அறை.

எங்கள் வீடு ஒற்றைப் படுக்கையறை வீடு. தனி அறைக்கு எங்கே போவது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நான் வளர்ந்த வீட்டிலும் தனி அறை கிடையாது, மொட்டை மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில்தான் படித்தேன்.

முதலில் ஒரு ஜன்னலைப் பிடியுங்கள். மேசையைச் சுவரைப் பார்த்துப் போடாமல், ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி போடுங்கள். வலக்கைப் பழக்கமென்றால் ஜன்னல் இடப்பக்கம். நேர் எதிரே ஜன்னல் இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் தாளில் உங்கள் நிழல் விழும், கணினித் திரையில் வெளிச்சம் அடிக்கும். மேற்குப் பார்த்த ஜன்னல் நம் ஊரில் மூன்று மணிக்கு மேல் உட்கார விடாது. அங்கே வெட்டிவேர்த் தட்டியோ மூங்கில் திரையோ போடலாம். ஜன்னலை அடைத்து அலமாரி வைத்திருந்தால் தயவுசெய்து நகர்த்துங்கள். பல வீடுகளில் இதைத்தான் பார்க்கிறேன், நல்ல ஜன்னல் பீரோவுக்குப் பின்னால் கிடக்கும்.

அப்புறம் தாழ்ப்பாள். அறை இல்லையென்றால் நேரத்தைத் தாழிடுங்கள். இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை இந்த மேசை இவருடையது, யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் பேசி வையுங்கள். அது எல்லோருக்கும் முறை வைத்துக் கிடைக்க வேண்டும், சமைப்பவருக்கும் சேர்த்து. மற்றவர்களுக்கு மூலை ஒதுக்கிவிட்டு அம்மாவுக்குச் சமையலறை இருக்கிறதே என்று விட்டுவிடுவது நியாயமில்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரக்கூடிய இடம் யாருடைய தனி அறையும் ஆகாது.

இந்தப் படங்களை எங்கே பார்க்கலாம்?

ரைக்ஸ்மியூசியம் தன் படங்களை இணையத்தில் மிகத் துல்லியமாக, இலவசமாகவே வைத்திருக்கிறது. பால் ஊற்றும் பெண்ணைத் திறந்து சுவரிலுள்ள ஆணிவரை பெரிதாக்கிப் பாருங்கள். டிரெஸ்டனின் கடிதப் பெண்ணுக்குச் சீரமைப்புக்கு முந்தைய படமும் பிந்தைய படமும் கிடைக்கின்றன. கோபன்ஹேகனில் தன் குடியிருப்பின் வெறுமையான அறைகளையே திரும்பத் திரும்ப வரைந்த வில்ஹெல்ம் ஹாமர்ஸ்ஹோய்க்கு இந்தப் பக்கத்தில் இடம் போதவில்லை. 1900இல் அவர் வரைந்த, வெயிலில் தூசி மிதக்கும் அறையிலிருந்து தொடங்குங்கள். கைப்பேசியில் வேண்டாம், கொஞ்சம் பெரிய திரையில், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்தப் படத்தின் சாம்பல் நிறங்கள் சின்னத் திரையில் ஒன்றோடொன்று கலந்துவிடும்.